சைரன் ஒலித்தால் கடலை நோக்கி

கடந்த வியாழக்கிழமை ஒரு மனிதர் படங்கில் மல்லாந்து படுத்தபடி, வானத்தைப் பார்த்துக்கொண்டே என்னைக் கடந்து போனார்.

நான்கு பெண்கள் அந்தத் தார்ப்பாயின் நான்கு மூலைகளையும் பிடித்திருந்தார்கள். பின்னால் வெள்ளைப் புகை. அதற்கும் பின்னால் ஒரு தீயணைப்பு வண்டி. படங்கில் கிடந்தவர் என்னைக் கண்டதும் கையை ஆட்டினார் — கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஆட்டுவாரே, அப்படி.

கனவு என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசுகிற மாதங்களில் கண்டக்குழிக் கரையில் எது கனவு, எது கண்முன் நடப்பது என்று பிரித்துச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். மணல் தரையை விட்டெழும்பி, முழங்கால் உயரத்தில் நடந்து போகும். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைவிரித்து நிற்கும். தூரத்துக் காற்றாலைகள் கைகளை வீசி வீசி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கும். கழுதைகள் நடுறோட்டில் நின்று, காற்றுக்கு முதுகைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொள்ளும்... அவை என்ன நினைக்கும்?

சரி, படங்குக்கு வருகிறேன்.

நடந்தது ஓர் அவசரகால ஒத்திகை. எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கரையோரமாக ஓர் ஐஸ் ஆலை இருக்கிறது. அதன் குழாய்களுக்குள் ஓடுவது அமோனியா. உள்ளே ஓடும்வரை அது ஐஸ். வெளியே வந்துவிட்டால் கண், மூக்கு, நெஞ்சு என்று எரித்துக்கொண்டே போகிற வாயு. ஆலையோ பழையது. தீயணைப்பு வண்டியோ புத்தளத்திலிருந்து வரவேண்டும், அதுவும் இந்தக் குடாநாட்டுக்கு இருக்கிற ஒரே ஒரு பாதையில்.

ஆகவே ஒரு திட்டம் வேண்டும் என்றார் ஹில்மி. அவர் புத்தளத்திலிருந்து வருகிற, ஆபத்துகளுக்குத் திட்டம் போடுகிற அனர்த்த முகாமை அதிகாரி. மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார், பிளேன்டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பார். ஆலை நின்றுபோனால் ஐஸுக்கு என்ன செய்வது, வாயு கசிந்தால் யார் யாருக்குச் சொல்வது, வண்டி வந்து சேரும்வரை ஊர் என்ன செய்வது — எல்லாவற்றையும் தீயணைப்புக்காரர்கள், ஆஸ்பத்திரி, பொலிஸ், கடற்படை என்று எல்லோரோடும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்றார்.

உட்கார்ந்தோம். ஜனவரியில். புத்தளத்தில், ஏசி போட்ட ஒரு மண்டபத்தில்.

பேப்பரில் எழுதுகிறவன் என்பதால் சங்கக் கூட்டங்களில் குறிப்பெடுக்க என்னைப் பிடித்து உட்காரவைப்பது வழக்கம். அன்றும் அப்படித்தான். படகுக்காரர்கள் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வரிசையாக இருந்தார்கள். ஐஸ் பற்றிய பேச்சு அருமையாகப் போனது. ஆலை நின்றால் புத்தளத்திலிருந்து லொறியில் ஐஸ் வரும். லொறி வராவிட்டால் சிலாபம். கரண்ட் போனால் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் போனால் பக்கத்து ஆலையோடு ஓர் ஒப்பந்தம். ஒரு மீன்கூடக் கெட்டுப்போகாது!

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினாள்.

"ஐஸுக்கு எல்லா வழியும் சொல்லிட்டீங்க சேர். எங்க வீட்டுக்காரரை யாரு தூக்குறது?"

ரீத்தா. அவளுடைய கணவர் சேவியர் கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடியவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தார். கால்கள் இரண்டும் அவரோடு வரவில்லை, அன்றோடு செயலிழந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். எங்கள் மணலில் சக்கரத்தை உருட்டிப் பார்த்திருக்கிறீர்களா? முதல் உருளலிலேயே புதைந்துவிடும். நாற்காலி இப்போது உடுப்புக் காயப்போட உதவுகிறது. சேவியர் கட்டிலில்.

அந்தக் கட்டிலுக்கும் ஐஸ் ஆலைக்கும் நடுவில் இருப்பது ஒரேயொரு மதில்.

ரீத்தா வேலை செய்வது கரையோர உல்லாச விடுதி ஒன்றில். பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைமேல் பறக்கிற வெள்ளைக்காரர்கள் தங்குகிற இடம். அந்த விளையாட்டுக்குக் காற்று வேண்டும். ஆகவே சோளகத்தில்தான் விடுதிக்குச் சீசன், அவளுக்கு வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"ஒருத்தர் கட்டாயம் வருவார் எண்டு சொல்லுங்க. இல்லாட்டி நான் வேலையை விட்டுட்டு அவருக்குப் பக்கத்துல இருக்கப் போறன்," என்றாள். "காலையில கதவைச் சாத்திட்டுப் போற நேரம் எனக்கு எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது."

ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் அந்தோனி எழும்பினான். ரீத்தா வீட்டுக்குப் போகிற சிறு ஒழுங்கையிலேயே வீடு, சொந்தப் படகு, மாடு மாதிரித் தோள்கள். "நான் இருக்கன் ரீத்தா. சைரன் அடிச்ச உடன அண்ணனைத் தோள்ல போட்டுட்டு ஓடிருவன்."

எல்லோரும் கைதட்டினோம். ஒவ்வோர் ஒழுங்கைக்கும் அப்படி ஓர் ஆள். எல்லோரும் மாதா கோயில் வளவில் வந்து சேர்வது என்றும் முடிவாயிற்று. கோயில் கரையிலிருந்து உள்ளே தள்ளி, களப்பு என்கிற உப்பங்கழிப் பக்கமாக இருக்கிறது. கடலை விட்டு விலகிய இடம். ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கால்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதானே... ஆபத்து என்றால் கடலை விட்டு ஓடு!

ஒத்திகை மார்ச்சில் என்றார்கள். வண்டி கிடைக்கவில்லை. ஏப்ரலில் பெருநாள்கள். பிறகு யாருக்கோ இடமாற்றம். கடைசியில் போன வியாழக்கிழமைதான் கைகூடியது.

தீயணைப்புப் பொறுப்பதிகாரி பருத்த சிரித்த முகத்துச் சிங்கள மனிதர். வாயுவுக்குப் பதிலாக ஆலை முற்றத்தில் வெள்ளைப் புகை கொளுத்திவிட்டார். சைரன் எழும்பியது. நான் கோயில் வளவில், ஹில்மிக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லாம் அழகாகப் போனது. ஆஸ்பத்திரிக்குக் கோல் போனது. பொலிசுக்குப் போனது. சந்தியில் ஒளித்து நின்ற தீயணைப்பு வண்டி, புத்தளத்திலிருந்து வருவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வந்தது.

ஹில்மி அந்தோனிக்குப் போன் எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ, அந்தோனியா? அமோனியா லீக். ஒத்திகைதான். ஒடனே சேவியர்ட ஊட்டுக்குப் போங்க."

மறுமுனையில் வெறும் காற்றுச் சத்தம். பிறகு குரல்.

"சேர்... நான் முல்லைத்தீவில."

"எங்க?"

"முல்லைத்தீவில சேர். வாடியில. வலை இழுத்துக்கிட்டு நிக்கிறம்."

"எப்ப போனீங்க?"

"சோளகம் விழுந்தாப் போறதுதானே சேர்? மத்த ஒழுங்கைகளுக்குப் போட்ட ஆக்களும் இங்கதான் பக்கத்துல நிக்கிறாங்க. குடுக்கட்டா?"

ஹில்மி என்னைப் பார்த்தார். நான் கழுதைகளைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது இது? சோளகத்தில் இந்தக் கடல் படகை இறக்கவிடாது. முல்லைத்தீவு இருக்கிற கிழக்குக் கரையிலோ அப்போது கடல் சாது. யுத்தம் முடிந்து பாதை திறந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் படகு, வலை, எஞ்சின், அடுப்பு, சட்டிபானை எல்லாம் லொறியில் ஏறும். ஆண்கள் அதன்மேல் ஏறுவார்கள். அந்தக் கீழ்க்கரையில் ஓலைக் குடிசையாக வாடி கட்டி, வாடைக்காலம் வரும்வரை அங்கேதான். கடல் மாறினால் ஊரே பாதியாகிவிடும். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

ஆனால் ஜனவரியில், கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்த நாளில், அந்த மண்டபத்தில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லையே! வந்திருந்தவர்களைக் கொண்டே திட்டம் போட்டோம். வந்திருந்தவர்கள் எப்போதும் இருப்பார்கள் என்று நம்பினோம்.

"வையுங்க சேர். நான் பாத்துக்கிறன்," என்றான் அந்தோனி. லைன் வெட்டுப்பட்டது.

இனி நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் சொக்கிப்போகிறது. எங்கள் மேல்கரையில் எழும்பிய ஒரு சைரன் தீவைக் குறுக்கே கடந்து, காடுகளையும் குளங்களையும் தாண்டி, கீழ்க்கடலில் ஈர வலையோடு நின்ற ஒருவனின் காதில் விழுந்தது. அவன் அதை அப்படியே திருப்பி அனுப்பினான். அது மறுபடியும் குளங்கள், காடுகள், எங்கள் உப்பளங்கள் எல்லாம் கடந்து வந்து, ஐஸ் ஆலைக்குப் பக்கத்துக் கருவாட்டு வாடியில் அவனுடைய மனைவி ஜெனிட்டாவின் இடுப்பில் சொருகியிருந்த போனில் அடித்தது.

அந்த வாடியிலிருந்து சேவியரின் கதவு கூப்பிடு தூரம்கூட இல்லை.

"சைரன் கேக்கலியா?" என்று பிறகு ஜெனிட்டாவிடம் கேட்டேன்.

"ஏன் கேக்காம? காது கிழிஞ்சிச்சு. அந்தோனிக்குத்தானே பொறுப்பு? எங்களுக்கு ஆரு என்ன சொன்னது?"

நியாயம்தான்.

ஆனால் கோல் வந்த பிறகு அவள் நின்று யோசிக்கவில்லை. வாடிப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கருவாடு காய்கிற நேரம் தூறல் விழுந்தால், நாலுபேர் நாலு மூலையைப் பிடித்துப் படங்கைக் கருவாட்டோடு தூக்கிக்கொண்டு கூரைக்குள் ஓடுவார்கள். ஒருவர் கால் இடறினாலும் மற்ற மூன்று பேரும் சேர்ந்து நிற்பார்கள். அன்றைக்குக் கருவாட்டை ஒரு பக்கம் கொட்டிவிட்டு, படங்கை மட்டும் எடுத்துக்கொண்டு சேவியரின் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

"அண்ணன், எழும்புங்க!"

"எழும்ப ஏலுமெண்டா நீ ஏன்டி வாறாய்?"

"சாரத்தை இறுக்கிக் கட்டுங்க. ஊர் பாக்கும்."

"பொறு, பொறு... இது கருவாட்டுப் படங்குதானே? நாறுது ஜெனிட்டா!"

"உங்களுக்குக் கருவாடு வேணுமா, அமோனியா வேணுமா? சொல்லுங்க, விட்டுட்டுப் போறம்."

அப்படித்தான் அவர் என்னைக் கடந்து போனார், கையை ஆட்டிக்கொண்டு.

கோயில் வளவில் இறக்கி வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். (கைதட்டுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.) தட்டி முடிப்பதற்குள் யாரோ இருமினார்கள். பிறகு இன்னொருவர். ஹில்மி மூக்கைப் பொத்தினார். வெள்ளைப் புகை மதிலைத் தாண்டி, தென்னைகளுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்து, ஊர்வலத்தின் கடைசி ஆள் மாதிரி ஆற அமர எங்களைத் தேடி வந்துகொண்டிருந்தது.

படங்கிலிருந்து சேவியர் சொன்னார்: "சேர், வாயு நம்மளோட கூடவே வருது. திட்டத்துல அதுக்கும் இடம் போட்டிருக்கா?"

தீயணைப்பு அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "ஐயோ... நாங்க எல்லாரும் நிக்கிறது புகை வாற இடத்துலதானே! காத்து எங்கேயிருந்து வாறது?"

காற்று எங்கிருந்து வருகிறது! இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் வெளியாள் ஒருவர் கேட்கவேண்டி வந்ததே. படகைக் கட்டுவது காற்றைப் பார்த்து. அடுப்பு வாயை வைப்பது காற்றைப் பார்த்து. ஜன்னலில் எதைத் திறப்பது, எதைச் சாத்துவது — அதுவும் காற்றைப் பார்த்துத்தான். ஆனால் அந்த மண்டபத்துக்குள் காற்று இருக்கவில்லை, ஏசிதான் இருந்தது. வெளியே அந்த ஜனவரியில் வீசியது வாடை, தரையிலிருந்து கடலுக்கு. அந்த வாடையில் கோயில் வளவு சொர்க்கம். சோளகம் கடலிலிருந்து தரைக்கு வீசுகிறது. இப்போது சேவியரின் கட்டில், கோயில், களப்பு எல்லாம் ஒரே கோட்டில், வாயு போகிற வழியில்.

"அப்ப எங்க போறது?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

அதிகாரி கையை நீட்டினார். கடலை நோக்கி.

"சைரன் அடிக்கிற நேரம் கடலுக்கா? சேருக்குப் பைத்தியமா?"

ஒருவரும் நகரவில்லை. ஒத்திகைதான், பொய்ப் புகைதான், எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கால்கள் நம்பமாட்டேன் என்று நின்றன. பெரிய அலை எங்கள் கரையை அதிகம் தொடாமல் போயிருக்கலாம். ஆனால் அந்த மார்கழிக் காலையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் கால்களும் அதை மறக்கவில்லை.

முதலில் அசைந்தது படங்குதான்.

"தூக்குங்கடி," என்றார் சேவியர். "என்னைத் தூக்கிக்கிட்டு நீங்க முன்னால போனா, மத்தவங்க வெக்கத்துக்காவது வருவாங்க."

புகையைச் சுற்றி, தென்னந்தோட்டம் வழியாகப் போனோம். தோட்டம் முடிந்ததும் திடீரென்று கடல் எதிரே நின்றது — சாம்பலும் பச்சையுமாக, வாயெல்லாம் நுரையாக. மேலே வானம் நிறையப் பட்டங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம்... நூலே இல்லாத மாதிரி அவை ஓரிடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றன. காற்று முகத்தில் அறைந்தது. உப்பாக, சுத்தமாக. புகை எங்களுக்குப் பின்னால் எங்கோ போய்விட்டது.

கவிழ்த்துவைத்த பழைய படகொன்றில் சாய்த்து சேவியரை உட்காரவைத்தார்கள்.

அவர் பேசவில்லை.

அவர் பேசாத நேரத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்போதுதான் உறைத்தது. கட்டிலில் விழுந்த நாளிலிருந்து அவர் கடலைக் கேட்டிருக்கிறார்; பார்க்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடல்.

"கரை இவ்வளவு கிட்ட வந்திட்டுதா?" என்றார் கடைசியில். "இதுல ரெண்டு தென்னை நிண்டுதே?"

"கடல் எடுத்திட்டுது அண்ணன்," என்றாள் ஜெனிட்டா.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பெண்கள் நால்வரும் அவரைச் சுற்றி மணலில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தன் முந்தானையால் அவர் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் நாங்கள் எல்லோரும் ஒத்திகையை மறந்துபோனோம் என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது ரீத்தா வந்தாள்.

விடுதியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். ஒத்திகை என்று தெரியும். ஆனாலும் சைரன் சைரன்தானே? வீட்டுக்கு ஓடினால் கட்டில் காலி. கோயிலுக்கு ஓடினால் அங்கே புகை மட்டும். மூச்சு வாங்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றக் கையில் ஒரு போன்.

"உங்களை எங்கெல்லாம் தேடுறது?"

"நான் எங்க போவன் ரீத்தா?" என்றார் சேவியர்.

அவள் அழவில்லை. ஹில்மியின் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்கதானே சேர்? ஒருத்தர் வருவார் எண்டு சொன்னீங்க. அவர் அந்தக் கரையில. கோயில்ல இருப்பார் எண்டு சொன்னீங்க. அங்க புகை. போதும். நாளையிலயிருந்து நான் வேலைக்குப் போகல்ல."

ஹில்மி சாக்குச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. "புழைதான் தங்கச்சி," என்றார். "எங்கட புழை. காத்துக்கு ரெண்டு காலம் இரிக்கி. நாங்க ஒண்டுக்குத்தான் போட்டிரிக்கோம்." மணலில் குந்தியிருந்தபடியே மீண்டும் ஆரம்பித்தார். வாடைக்குக் கோயில், சோளகத்துக்குக் கரை. வாடைக்கு ஆண்கள், சோளகத்துக்குப் பெண்கள். "ஜெனிட்டா, முதல் கோல் உங்களுக்கு எடுக்கலாமா?"

"எடுக்கலாம் சேர். ஆனா நான் ஒருநாள் சந்தையில. ஒருநாள் கிளினிக்ல. இவளுக்கு ஸ்கூல்ல மீட்டிங். எப்பயும் நாலுபேர் இருப்பம். எந்த நாலுபேர் எண்டு காலையிலதான் சொல்லேலும்."

"அப்ப, எப்பயும் ஊட்டுல இரிக்கிற ஒரு ஆள் வேணுமே..."

எல்லோரும் யோசித்தோம். படகுக்காரர்கள் இல்லை. ஆலைக்காரன் வால்வை மூடுகிற அவசரத்தில் இருப்பான். கோயில் சுவாமியார் மூன்று பங்குத் தேவாலயங்களுக்கு ஓடுகிறவர்.

"என்ன எல்லாரும் கடலைப் பாக்குறீங்க?" என்றார் சேவியர். "இஞ்ச பாருங்க. வாடையிலயும் நான் இங்கதான், சோளகத்துலயும் நான் இங்கதான். முதல் கோலை எனக்கு எடுங்க. போன் இருக்கு. வாயும் இருக்கு."

"வாய் இருக்கிறது ஊருக்கே தெரியும்," என்றாள் ஜெனிட்டா.

ரீத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவரைத் தூக்க ஆள் கேட்டா, இவருக்கே வேலை குடுக்குறீங்களா?"

"அடியே, கேளு. ஒவ்வொரு காலையும் நான் கோல் எடுத்து ஆர் ஆர் நிக்கிறாங்க எண்டு கேப்பன். இண்டைக்கு நாலுபேர் இருக்காங்க எண்டு எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு நீ கதவைச் சாத்திட்டுப் போ."

தீயணைப்பு அதிகாரிக்கு வார்த்தைகளில் நம்பிக்கை இல்லை. "சரி, நம்பர் சொல்லுங்க. இப்பவே எடுத்துப் பாக்குறது," என்று தன் போனை எடுத்து அழுத்தினார்.

மணி அடித்தது — ரீத்தாவின் கையில்.

காலிக் கட்டிலில் கிடந்த சேவியரின் போனைத்தான் அவள் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். சேவியரைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாலு பெண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். காற்று அவளுடைய தலைமயிரை முகத்தில் போட்டு மூடியது. என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு குனிந்து, போனைக் கணவரிடம் நீட்டினாள்.

"ஹலோ," என்றார் சேவியர் கம்பீரமாக. "யார் பேசுறது?"

திட்டம் என்றால் என்ன என்று அன்றைக்கு மணலில் இருந்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். வலுவுள்ளவர்களைத் தேடிப்பிடித்துப் பெயர் எழுதிக்கொள்கிறோம். அவர்கள் கடலுக்கும் காற்றுக்கும் பின்னால் போய்விடுகிறவர்கள். போகத்தான் வேண்டும், அது அவர்கள் பிழைப்பு. எல்லாக் காற்றிலும் ஓரிடத்தில் இருக்கிறவர் யார் என்று எந்தக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறோமா?

நேற்று ரீத்தா என்னைக் கூப்பிட்டாள், விடுதியிலிருந்து. பின்னால் தட்டுகள் மோதுகிற சத்தம்.

"அண்ணன், சங்கத்தில சொல்லி அந்த மனுசனுக்கு இன்னொரு போன் எடுத்துக் குடுக்க ஏலாதா? மத்தியானம் சாப்பிட்டாரா எண்டு கேக்க எடுத்தா, எப்ப பாத்தாலும் பிஸி!"

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அதற்கு முதலில் சேவியரிடம் பேசவேண்டும்... எனக்கும் லைன் கிடைக்கவில்லை.